வாழைப்பூவுக்குச் சொன்ன சம்மதம்

தம்பிக்கு,

கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்க வேண்டும். நீயும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் மாத்திரையை விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கையும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை எடுத்தாய். என் நலம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது உன் நலத்தைப் பற்றி.

பேசாமல் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பாய். நான் பேசினால் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை, தம்பி. நெஞ்சைப் பார்க்கிறாய். கொஞ்சம் குரல் உயர்ந்தால் போதும், "மெதுவாப்பா, மெதுவா" என்று தண்ணீர் கொண்டுவந்துவிடுகிறாய். அதைக் குடித்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதற்கு முன் நான் எழுதிய நீளமான கடிதம், நான் ஓட்டிய ரப்பர் பால் லோரியின் பின் கண்ணாடி எப்படி உடைந்தது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு எழுதிக் கொடுத்தது. அதையும் அவர் படித்துவிட்டு, "கண்ணாடி உடைஞ்சதா, உடைச்சியா, அதை மட்டும் சொல்லு" என்று திருப்பிக் கொடுத்தார். இதை நீ திருப்பிக் கொடுக்காமல் கடைசி வரை படி.

விஷயம் இதுதான். பிந்துலுவில் எரிவாயு ஆலையில் உனக்கு நிரந்தர வேலை வந்திருக்கிறது. போர்டிக்சனில் குத்தகைக்கு வெல்டிங் செய்துகொண்டிருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இருதயம் மாற்றியிருக்கிறது, விட்டுவிட்டுக் கடல் தாண்டி வர முடியாது என்று நீ சொல்லிவிட்டாய். மாதக் கடைசி வரை யோசித்துச் சொல்லச் சொல்லி அவர்கள் இடம் வைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். முதலில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கூட வேலை செய்யும் முத்துவிடம் போய், நம்ம பையன் அப்பனுக்காக எப்பேர்ப்பட்ட வேலையை விட்டான் தெரியுமா என்று அளந்தேன். முத்து புகையிலையைத் துப்பிவிட்டு, "அப்ப உங்களால ஒருத்தன் பொழப்பு போச்சுன்னு சொல்லுங்க" என்றான். அன்று சாயங்காலம் உன் அம்மாவைத் துருவிக் கேட்டேன். அப்போதுதான் ராசாவில் இருக்கும் உன் மாமா ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன வார்த்தை வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அது உனக்கு இன்றுவரை தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு போகிறேன், அந்த இடம் தானாக வரும்.

புகைமூட்டம் வந்த வருஷம் நினைவிருக்கும். லாபு ரோட்டில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு லோரி ஓட்டினோம். எல்லாருக்கும் இருமல், எல்லாருக்கும் மூச்சிரைப்பு, எனக்கும்தான். ஊரோடு ஒத்துப்போவது எனக்குப் பிடிக்கும். பிறகு மழை வந்தது, புகை போனது, ஊரில் எல்லாருக்கும் மூச்சு திரும்பி வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. லோரியில் ஏறி உட்கார்ந்தால் சாவியைத் திருப்புவதற்கு முன் கொஞ்ச நேரம் இளைப்பாற வேண்டியிருந்தது. வேலை வாங்கும் மண்டோர் பார்த்துவிட்டு, பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் வண்டி எடுக்கிறார், பக்தியான டிரைவர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. கால் வீங்கி சிலிப்பர் நுழையாமல் போன பிறகுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இது புகை இல்லை என்றார். சிறுவயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று சிரம்பான் டாக்டர் கேட்டார். வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நல்ல சாக்கு என்று அப்போது சந்தோஷப்பட்டேன். அந்தக் காய்ச்சல் போகும்போது இருதயத்தின் வால்வைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

வால்வு மாற்ற வேண்டும் என்று கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். எனக்குப் பயமே இல்லை, ஏனென்றால் எனக்கு வால்வு தெரியும். லோரியில் எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன், மாற்றினால் வண்டி ஓடும். அந்த அறிவின் பலத்தில்தான் ஆப்பரேஷன் அன்று உன்னை வேலைக்குப் போகச் சொன்னேன். ஒரு வால்வுக்கு எதற்கு மூன்று பேர், அம்மா போதும் என்றேன். நீ தயங்கினாய். நான் சொன்னதால் போனாய். நீ அன்று அங்கே இல்லாததற்குக் காரணம் நான், நீ இல்லை. இதை முதலில் உன் கணக்கிலிருந்து கழித்துவிடு.

ஆப்பரேஷனில் யாரும் தப்பு செய்யவில்லை. டாக்டர்களே பிறகு உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னார்கள். இருதயத்தை நிறுத்திவைத்து, ரத்தத்தை ஒரு மிஷின் வழியாக ஓடவிட்டு, வேலை பார்ப்பார்களாம். வால்வு நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. ஆனால் திரும்ப ஓட்டிப் பார்த்தால் இருதயம் ஓடவில்லை. கொஞ்சம் துடிக்கும், நிற்கும். அத்தனை வருஷம் கெட்ட வால்வோடு மல்லுக்கட்டி அது களைத்துப்போயிருந்தது. புது வால்வு வந்ததும், சரி இனி நீயே பார்த்துக்கொள் என்று படுத்துவிட்டது. ஓய்வு பெறுகிற நாளில் செத்துப்போகிற ஆட்கள் நம் தோட்டத்திலும் உண்டு. வெளியே ஒரு மிஷினை வைத்து ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது சில நாட்கள்தான் தாங்கும். அதற்குள் வேறு ஒரு இருதயம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் நாட்டில் அந்த வேலையே அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

இதைச் சொல்ல டாக்டரம்மா வெளியே வந்தபோது நாற்காலியில் இருந்தது உன் அம்மா மட்டும்தான். மலாய்க்கார டாக்டர், மலாயில்தான் சொன்னார். உன் அம்மாவின் மலாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பாசாரில் பிறந்து பாசாரிலேயே வளர்ந்த மலாய். மீன் பேரம் பேசுவதில் அவளை வெல்ல ஆள் கிடையாது. இருதயத்துக்கு மலாயில் ஹாத்தி என்றுதான் அவளுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான். டிவி நாடகத்தில் அழுகிறவர்கள் எல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஹாத்தி ஹாத்தி என்றுதானே சொல்கிறார்கள். கோழிக் கடையில் ஹாத்தி கேட்டால் ஈரலைக் கொடுக்கிறானே, அது ஏன் என்று நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஜந்தோங் என்ற வார்த்தையும் அவளுக்குத் தெரியும். பாசாரில் வாழைப்பூவுக்கு அதுதான் பெயர். அது இருதயத்துக்கும் பெயர் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்சிக், ஐயாவோட ஜந்தோங் இனிமே உதவாது. அதை மாத்தணும், போலேயா, சம்மதமா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். உன் அம்மா என்ன நினைத்தாள் தெரியுமா. இவருக்கு இனி வாழைப்பூ ஆகாது, வேறு காய் கொடு என்கிறார்கள் என்று நினைத்தாள். வாழைப்பூ வடைக்கு நான் அலைவது டாக்டர் வரைக்கும் எப்படித் தெரிந்தது என்று வெட்கமாகவும் இருந்ததாம். "போலே, டாக்டர். மாத்திரலாம் லா" என்று உடனே சொல்லிவிட்டாள். மனதுக்குள் கீரை, முருங்கைக்காய், புடலங்காய் என்று வரிசையும் போட்டுவிட்டாள். டாக்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்ததாம். வாழைப்பூவை நிறுத்துவதற்கு இந்தப் பிள்ளைக்கு எதுக்குக் கண்ணு கலங்குது என்று.

இந்த "போலே"தான் உனக்குத் தெரியாதது. வாழைப்பூ கதை உனக்குத் தெரியும், அவள் சம்மதம் சொன்னது தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவிட்டாள். அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா உள்ளே போய், இப்படி ஒரு ஆள் காத்திருக்கிறார் என்று மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போடச் சொல்லிவிட்டார். பிறகு எல்லாவற்றையும் விளக்கிக் கையெழுத்து வாங்கத்தான் நீ வரும்வரை இருந்தார்கள். என் பெயர் ஏற்கெனவே வரிசையில் நின்றுவிட்டது, தம்பி. அதை அங்கே நிறுத்தியது நீ இல்லை.

நீ போர்டிக்சனிலிருந்து மோட்டாரில் வந்து சேர்ந்தபோது மாமாவும் ராசாவிலிருந்து வந்துவிட்டிருந்தார். வழியெல்லாம் நீ என்ன நினைத்துக்கொண்டு வந்தாய் என்று நான் கேட்டதில்லை. அப்பன் செத்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பாய். உள்ளே வந்தவனிடம் உன் அம்மா, "ஒண்ணுமில்லடா, அப்பாவுக்கு வாழைப்பூ ஆகாதாம். மாத்தச் சொல்றாங்க" என்றாள். நீ சிரித்தாய். வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாயாம். பிறகு, டாக்டர் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டாய். அவள் ஜந்தோங் என்றாள். பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தவன் நீ. சிரிப்பு நின்றுவிட்டது. மாமா பார்த்தது சிரித்ததை மட்டும். நின்றதை அவர் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்து எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னார், நீ தமிழில் சொன்னாய். மாமா கூடாது என்றார். எவன் இருதயமோ, என்ன சாதியோ, என்ன மதமோ, எரிக்கிறப்ப எந்தச் சாமிக்குக் கணக்குச் சொல்றது, போறவரை முழுசாப் போக விடுங்க என்றார். அப்படியே மாற்றினாலும் பழைய இருதயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லாதே. காருக்கு டயர் மாற்றினாலும் பழைய டயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஆள் அவர். உன் அம்மா அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாத்தினப்புறம் அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா? கேளு."

நீ கேட்டாய். தெரியும், ஞாபகம் இருப்பது தலையில்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அவள், சரி மாத்தச் சொல்லு என்றாள். நீ சொன்னாய். நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். அப்போதுதான் மாமா உன்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்: "அப்பன் கெடக்குறப்ப சிரிச்ச. இப்ப எவனோட உசுரையோ அவர் நெஞ்சுல வைக்கச் சொல்லிட்ட. இனிமே அதுக்குக் காவல் நீதான். விட்டுட்டுப் போயிடாத."

போன ஞாயிற்றுக்கிழமை ராசாவுக்கு பஸ் பிடித்துப் போய் மாமாவிடம் இதைக் கேட்டேன். அவருக்கு அந்த வார்த்தை நினைவே இல்லை. தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு, "பயத்துல ஏதாவது சொல்லியிருப்பேன் லா, மாப்ள. அதையா பையன் தூக்கிக்கிட்டுத் திரியிறான்?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் அவரைச் சமாதானப்படுத்தும் வேலை வந்தது. பார்த்தாயா, சொன்னவர் அன்றைக்கே வராந்தாவில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தவன் நீ. பயந்தவன் வாயில் வருவதையெல்லாம் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதே. பிந்துலுவில் மேலதிகாரி கத்தும்போதும் இது உனக்கு உதவும்.

சிரித்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகு உன் அம்மா எனக்கு முதலில் சொன்னதே இந்த வாழைப்பூ கதைதான், தான் சம்மதம் சொன்ன இடத்தை மட்டும் விழுங்கிவிட்டு. என் நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமினால்கூடத் தலையணையை அணைத்துக்கொண்டு இரும வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே அனுப்பிவிட்டார். வலியில் கண்ணீர் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. கிடந்தவனே சிரித்துவிட்டான், வந்து பார்த்தவன் சிரித்ததில் என்ன குற்றம்? அப்பன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிள்ளைக்கு வருகிற சிரிப்பு அது. அந்த அவசரத்தில் நீ அழுதிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சாமிக்காகவும் இல்லை, சாதிக்காகவும் இல்லை, பயம். ஆகவே என்னைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று. என் விஷயத்தில் எடுத்த நல்ல முடிவுகள் எல்லாமே நான் மயக்கத்தில் இருந்தபோது எடுத்தவை என்று உன் அம்மா சொல்கிறாள். கல்யாணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் மிஷினில் கிடந்த பிறகு இருதயம் வந்தது. யாருடையது என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். லயத்து வீட்டு ஆட்கள் கண்டுபிடிக்காமல் விடுவார்களா? நான் மீ கோரேங் விரும்பிச் சாப்பிட்டால் சீன இருதயம் என்றார்கள். ரேடியோவில் மலாய்ப் பாட்டுக்குத் தலையாட்டினால் மலாய்க்கார இருதயம். கொடுத்த கடனை நான் திருப்பிக் கேட்டபோது மட்டும், இது சத்தியமா நம்ம பழைய ஆள்தான் என்றான் முத்து. மாத்திரை விஷயம் உனக்குத் தெரியும். உடம்பு என்பது இமிகிரேசன் ஆபீசர் மாதிரி. உள்ளே வந்தவனிடம் அடையாளக் கார்டு இல்லை என்று கண்டுபிடித்தால் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கும். மாத்திரைதான் அந்த ஆபீசரைத் தூங்கவைக்கிறது. அதை வேளை தவறாமல் விழுங்க எனக்கு இரண்டு கை, ஒரு வாய், சொல்லிக்காட்ட உன் அம்மா, எல்லாம் இருக்கிறது. நாக்கைத் தூக்கிப் பார்க்க ஆள் தேவையில்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் சில சமயம் நினைப்பதுண்டு. அதிகம் நினைப்பதில்லை, நினைத்து என்ன செய்ய. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் அவர்களும் ஒரு வராந்தாவில் நின்றிருப்பார்கள். அவர்களிடமும் ஒரு டாக்டர் வந்து, போலேயா என்று கேட்டிருப்பார். நீ சொன்ன சம்மதத்தில் நான் பிழைக்க வழி இருந்தது. அவர்கள் சொன்னதில் அவர்களுடைய ஆளுக்கு ஒரு வழியும் இல்லை. இருந்தும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, தங்கள் ஆளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்றுவரை யாரும் வந்து, எங்கள் பிள்ளையின் இருதயத்தை எப்படி வைத்திருக்கிறாய், மாத்திரை போட்டாயா என்று கேட்டதில்லை. காவல் இருக்கிற உரிமை யாருக்காவது இருக்கிறது என்றால் அவர்களுக்குத்தான். அவர்களே என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ என்னோடு இருபத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். அவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவாவது என்னை நம்பு.

கடைசியாக ஒன்று. போன வாரம் கிளினிக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். தள்ளிவைக்கவில்லை. நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு லாபு ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறித் தனியாகப் போய்விட்டு வந்தேன். போகும்போது கண்ணயர்ந்து ஒரு ஸ்டேஷன் தாண்டி இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தேன். அதைத் தவிர வேறு சம்பவம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், மருந்தை நானே வாங்கினேன். டாக்டரம்மா நீ வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, பையன் எங்கே என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"பிந்துலுல வேலை, டாக்டர். போயிட்டான்" என்றேன்.

அவருக்கு ரொம்ப சந்தோஷம். அப்படியா, அப்படியா என்று சொல்லிக்கொண்டே குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பழைய இருதயமாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பேன், பொய் சொன்னால் அது படபடவென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். மாற்றி வைத்ததில் நரம்பைச் சேர்ப்பதில்லையாம், என் பயம் அதற்கு உடனே போய்ச் சேராது. அது பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. நல்லா இருக்கு என்று சொல்லி, பிந்துலுவில் மழை அதிகம், பையனைப் பார்த்து இருக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அடுத்த தடவை போனால் நீ எப்படி இருக்கிறாய் என்று கட்டாயம் கேட்பார். நல்ல மனுஷி. அவரிடம் இரண்டாவது தடவை பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதற்குள் நீ அங்கே போய்ச் சேர்ந்துவிடு.

அப்பா